அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல்: தியேட்டர் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு மருத்துவமனையின் எல்லா அறுவை அரங்குகளிலும் ஒரே சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவருவது என்று முடிவான நாளிலிருந்து அறுவை மருத்துவர்களும் மயக்க மருத்துவர்களும் செவிலியர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. மயக்க மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே இப்பட்டியலை அரங்கு அரங்காக அறிமுகப்படுத்தும் வேலையிலும் ஈடுபட்டவன் என்ற முறையில், அக்கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் பட்டியல் என்பது என்ன? எங்கிருந்து வந்தது?

உலக சுகாதார நிறுவனம் 2008 ஜூன் மாதம் வெளியிட்ட, ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் 19 அம்சங்களின் தொகுப்பே இது. அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையிலான குழு இதை உருவாக்கியது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு நிறுத்தம், தோலில் கத்தி படுவதற்கு முன் ஒரு நிறுத்தம், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒரு நிறுத்தம் என மூன்று இடங்களில் எல்லோரும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, சில குறிப்பிட்ட விஷயங்களை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. அரங்குகளில் இவற்றை முறையே சைன் இன், டைம் அவுட், சைன் அவுட் என்றே அழைக்கிறோம். முதல் இரண்டில் ஏழு அம்சங்கள் வீதமும் கடைசியில் ஐந்தும் உள்ளன.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது இன்னொரு படிவம்தானா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கச் சான்றுகளையும் சொல்லாமல் பதில் தருவது நேர்மையாக இராது.

2007 அக்டோபர் முதல் 2008 செப்டம்பர் வரை டொராண்டோ, புது தில்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, லண்டன், சியாட்டில், தான்சானியாவின் இஃபகாரா ஆகிய எட்டு நகரங்களில் உள்ள எட்டு மருத்துவமனைகளில் இப்பட்டியல் சோதிக்கப்பட்டது. பட்டியல் வருவதற்கு முன் 3,733 நோயாளிகளும், வந்த பின் 3,955 நோயாளிகளும் கணக்கில் எடுக்கப்பட்டனர். மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. 2009 ஜனவரியில் இம்முடிவுகள் வெளியானபோது பல நாடுகள் பட்டியலைக் கட்டாயமாக்க முனைந்தன.

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, பட்டியல் வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் 0.71 சதவீதமாக இருந்த இறப்பு, பிந்தைய மூன்று மாதங்களில் 0.65 ஆக இருந்தது என்றும், இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கது அன்று என்றும் சொன்னது. இத்தனைக்கும் அம்மருத்துவமனைகள் தாமே தந்த அறிக்கைகளில் பட்டியல் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்பட்டதாகவே பதிவாகியிருந்தது. எட்டு நகரச் சோதனையிலோ, அடிப்படையான ஆறு பாதுகாப்புச் செயல்களையும் விடாமல் செய்த அறுவைகள் 34.2 சதவீதத்திலிருந்து 56.7 சதவீதமாகத்தான் உயர்ந்தன; அங்கே நேரில் நின்று பார்த்து எண்ணினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தாளில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருப்பதும், அரங்கில் அந்தப் பேச்சு நடந்திருப்பதும் வேறு வேறு. அமெரிக்காவின் தென் கரோலினாவில், பட்டியலைப் பயிற்சியோடும் உள்ளூர் மாற்றங்களோடும் படிப்படியாகக் கொண்டுவரும் திட்டத்தை முழுமையாக முடித்த 14 மருத்துவமனைகளில் அறுவைக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு 3.38 சதவீதத்திலிருந்து 2.84 ஆகக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கீழே நான் சொல்லப்போகும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே அமையும்.

இருபது வருடம் அறுவை செய்தவருக்கும் பட்டியல் தேவையா?

தேவை, சொல்லப்போனால் அனுபவசாலிகளை மனத்தில் வைத்துத்தான் பட்டியல்கள் பிறந்தன. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து காட்டுவதற்காகப் பறந்த போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் சோதனை விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது, இருவர் இறந்தனர். ஓட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. வால் பகுதிக் கட்டுப்பாடுகளைத் தரையில் அசையாமல் வைத்திருக்கும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பின் விமானிகளுக்குப் புதிய பாடங்களை நடத்துவதற்குப் பதிலாக, புறப்படும் முன் படித்துப் பார்க்கும் சிறு அட்டை ஒன்றைத் தந்தார்கள். தெரியாததைக் கற்றுக்கொடுப்பது பட்டியலின் வேலை அன்று. நன்றாகத் தெரிந்ததை, அவசரத்தில் செய்துவிட்டோம் என்று மனம் நம்பிக்கொள்ளும் இடத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துவதே அதன் வேலை.

சைன் இன் நிறுத்தத்தில் என்ன செய்ய வேண்டும்?

நோயாளி விழித்திருக்கும்போதே அவருடைய பெயர், செய்யப்போகும் அறுவை, உடலில் எந்த இடம், எந்தப் பக்கம், ஒப்புதல் படிவம் ஆகியவற்றை அவரிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அறுவை செய்யும் இடம் அழியாத மையால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மயக்க மருந்துக் கருவியும் மருந்துகளும் சரிபார்க்கப்பட்டு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலில் மாட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வாமை உண்டா, மூச்சுப்பாதையில் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டா, 500 மில்லிக்கு மேல் இரத்தம் போக வாய்ப்பு உண்டா (குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 7 மில்லி) என்ற கேள்விகளுக்கும் இங்கேயே விடை கிடைக்க வேண்டும்.

இதில் பலரும் சறுக்கும் இடம், கேட்கும் விதம். “நீங்கள்தானே இன்னார்? வலது பக்கம்தானே?” என்று கேட்டால், முந்தின இரவு தூங்காமல், வெறும் வயிற்றோடு, காது சரியாகக் கேட்காமல் படுத்திருக்கும் ஒருவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். ஒரு முறை, பெயர் சொல்லி அழைத்ததும் “ஆமாம்” என்றபடி தள்ளுவண்டியில் உள்ளே வந்த முதியவர், “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டபோது வேறு பெயரைச் சொன்னார். அன்றைய அறுவை வரிசையில், நாங்கள் அழைத்த நோயாளிக்கு அடுத்து இருந்தவர்தான் இந்த முதியவர். மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்ததும் குழப்பம் தீர்ந்தது, ஆனால் கேள்வி வேறு மாதிரி கேட்கப்பட்டிருந்தால் பட்டையைப் பார்க்கும் எண்ணமே யாருக்கும் வந்திராது. ஆகவே விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். “உங்கள் பெயர் என்ன? இன்று உங்களுக்கு என்ன அறுவை செய்யப்போகிறோம்? எந்தப் பக்கம் என்று கையால் காட்டுங்கள்.”

இடத்தை யார் குறிப்பது?

அறுவை செய்யப்போகும் மருத்துவரே, நோயாளி விழித்திருக்கும்போது, துணி விரித்த பின்னும் கண்ணில் படும்படி குறிக்க வேண்டும். வார்டில் உள்ள இளைய மருத்துவரிடம் இதை ஒப்படைப்பது கூடாது என்பதே என் கருத்து. நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும் அறுவைகளில் இடமும் வலமும் நம் கண்ணுக்கு மாறித் தெரியும் என்பதால் குறி இன்னும் முக்கியமாகிறது. தவறான பக்கத்தில் பெருக்கல் குறி போடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அது “இங்கே வேண்டாம்” என்றும் “இங்கேதான்” என்றும் இரண்டு விதமாகவும் படிக்கப்படும்.

டைம் அவுட்டில் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தைப் பற்றி ஏன் கேட்கிறோம்? அதுதான் வார்டிலேயே போட்டுவிடுகிறார்களே?

அதனால்தான் கேட்கிறோம். கீறல் போடும் நேரத்தில் திசுக்களில் மருந்து போதிய அளவு இருந்தால்தான் அது தொற்றைத் தடுக்கும். எனவே கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்று பட்டியல் சொல்கிறது. வான்கோமைசின் போல மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்துகளை இன்னும் முன்னதாக, 120 நிமிடங்களுக்குள் தொடங்கலாம். காலை ஆறு மணிக்கு வார்டில் ஊசி போட்டு, “கொடுக்கப்பட்டது” என்று குறிப்பேட்டில் எழுதி, முந்தைய அறுவை நீண்டுபோனதால் நோயாளி பதினோரு மணிக்கு மேசைக்கு வந்தால், அந்தக் குறிப்பு உண்மை, மருந்தோ பெரும்பாலும் போய்விட்டது. “கொடுத்தாயிற்றா?” என்று கேட்டால் “ஆயிற்று” என்றே பதில் வரும். “எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். பல இடங்களில் இந்த மருந்தை வார்டிலிருந்து எடுத்து மயக்க மருத்துவரின் பொறுப்பில் அரங்குக்குள்ளேயே கொடுக்கும்படி மாற்றியது இந்த ஒரு கேள்வியின் விளைவுதான்.

மற்றபடி டைம் அவுட்டில் நோயாளி, அறுவை, இடம் ஆகியவை மீண்டும் சொல்லப்படும். அறுவை மருத்துவர், தான் எதிர்பார்க்கும் கடினமான கட்டங்களையும் ஆகும் நேரத்தையும் இரத்த இழப்பையும் சொல்வார். மயக்க மருத்துவர் இந்த நோயாளிக்கே உரிய கவலைகளைச் சொல்வார். செவிலியர், கருவிகள் கிருமி நீக்கம் ஆனதற்கான அடையாளப் பட்டை நிறம் மாறியிருப்பதையும் வேண்டிய கருவிகள் இருப்பதையும் உறுதி செய்வார். தேவையான எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும். அதிலும் படத்தைத் திருப்பி மாட்டினால் இடது வலதாகிவிடும் என்பதால், படத்தில் உள்ள பெயரையும் பக்கக் குறியையும் ஒருவர் வாய்விட்டுப் படிப்பது நல்லது.

டைம் அவுட்டில் எல்லோரும் பெயர் சொல்லிக்கொள்வது நாடகம் போல் இல்லையா? தினமும் பார்க்கிற முகங்கள்தானே?

தினமும் அதே குழுவாக இருந்தால் பட்டியலே அதைத் தவிர்க்க இடம் தருகிறது. ஆனால் இரவுப் பணிக்கு வந்த செவிலியர், புதிய பயிற்சி மருத்துவர், இன்னொரு அரங்கிலிருந்து உதவிக்கு வந்த தொழில்நுட்பர் என்று ஒருவராவது புதியவராக இருக்கும் நாட்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் ஒரு முறை வாய் திறந்து பேசியவர், பின்னால் ஏதாவது தவறாகத் தெரியும்போது மறுபடியும் வாய் திறக்கத் தயங்குவது குறைவு. முகக்கவசமும் தொப்பியும் அணிந்தபின் “யாராவது இரத்தம் கொண்டுவாருங்கள்” என்று சொன்னால் யாரும் நகரமாட்டார்கள். பெயர் சொல்லி அழைத்தால் அந்த நபர் நகர்வார். கூச்சம் முதல் இரண்டு வாரங்கள் இருக்கும், பிறகு போய்விடும்.

சைன் அவுட்டில் பஞ்சும் துணியும் எண்ணுவது எங்களுக்குப் புதிதா?

புதிதன்று. ஆனால் எண்ணுவதாலேயே பாதுகாப்பு வந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். உடலுக்குள் பொருள் தங்கிவிட்ட நேர்வுகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்த நேர்வுகளில் 88 சதவீதத்தில் கடைசிக் கணக்கு “சரி” என்றே கருதப்பட்டிருந்தது. அவசர அறுவை, எதிர்பாராமல் அறுவையின் போக்கு மாறுவது, நோயாளியின் உடல் பருமன் ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்றும் அந்த ஆய்வு கண்டது.

கணக்கு எப்படித் தவறுகிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் புரியும். அறுவையின்போது இரத்தத்தை ஒற்றி எடுக்கும் மாப் துணிகள் இரண்டு, இரத்தத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாளியில் கிடக்கும். கிடுக்கியால் தூக்கினால் ஒரே துணி போலவே இருக்கும். அறுவை மருத்துவர் தையலை முடித்துக்கொண்டிருப்பார், அடுத்த நோயாளியை அழைத்து வரச் சொல்லித் தொலைபேசி ஒலிக்கும், அந்த நேரத்தில் ஒருவரே எண்ணுவார், மற்றவர் காகிதத்தில் ஏற்கெனவே எதிர்பார்த்த எண்ணை எழுதுவார். ஆகவே இரண்டு பேர் சேர்ந்து, ஒவ்வொன்றையும் பிரித்து விரித்துக் காட்டி, சத்தமாக எண்ணுங்கள். ஐந்து ஐந்தாகத் தொங்கவிடும் பைகள் இருந்தால் காலியான அறையே குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு ஒத்துவராவிட்டால் மூடுவதை நிறுத்தித் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அரங்கிலேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் இழை இல்லாத துணிகளை வயிற்றுக்குள் எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

பட்டியலைப் படிப்பது யார்?

ஒருவர் மட்டும். பெரும்பாலும் கையுறை மாட்டாமல் அரங்கில் சுற்றி வேலை செய்யும் செவிலியருக்கு இப்பொறுப்பு பொருந்தும். அறுவை மருத்துவரே படித்துத் தானே “சரி, சரி” என்று முடித்துக்கொள்ளும் அரங்குகளில் சரிபார்ப்பு என்ற ஒன்று நடப்பதில்லை. அதைவிட மோசமான பழக்கம், நோயாளி மேசைக்கு வருவதற்கு முன்பே மூன்று பகுதிகளையும் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவைப்பது. அப்படி ஒரு தாளைக் கண்டால் அதை அந்த இடத்திலேயே கிழித்துப் புதிதாகத் தொடங்க எவருக்கும் உரிமை உண்டு என்று விதியாகவே எழுதிவைக்கலாம்.

மூத்த மருத்துவர் நிற்காமல் கத்தியைக் கேட்டால் செவிலியர் என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, இதைச் செவிலியரின் தைரியத்திடம் விட்டுவிடுவது நியாயமாகாது. மருத்துவமனைத் தலைமையும் அறுவைத் துறைத் தலைவரும், டைம் அவுட் முடியும்வரை கத்தி கைமாறாது என்பதை எழுத்திலும் நேரிலும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். சில அரங்குகளில் டைம் அவுட் முடியும்வரை கத்தியின் மேல் ஒரு மூடியை வைப்பார்கள். வாதமில்லாமல் வேலை நடந்துவிடும். செவிலியர் ஒருவர் நிறுத்தச் சொன்னதற்காக அடுத்த வாரம் வேறு பணிக்கு மாற்றப்பட்டால், அந்த மருத்துவமனையில் பட்டியல் அன்றோடு முடிந்தது. சுவரில் எத்தனை அட்டை ஒட்டினாலும் திரும்ப வராது.

மறுக்கும் மருத்துவரிடம் புள்ளிவிவரங்களைவிட ஒரு கேள்வி நன்றாக வேலை செய்கிறது. எட்டு நகரச் சோதனையில் பங்கேற்ற பணியாளர்களைக் கேட்டபோது, சுமார் ஐந்தில் ஒருவர் பட்டியல் நேரம் எடுப்பதாகக் குறைப்பட்டார். ஆனால் தமக்கே அறுவை நடந்தால் பட்டியல் வேண்டும் என்றவர்கள் 93 சதவீதம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

பழகிய குழுவுக்கு ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். பழகாத முதல் வாரங்களில் கூடும். ஒரு நிறுத்தம் தொடர்ந்து மூன்று, நான்கு நிமிடங்கள் இழுத்தால், பட்டியலில் வேண்டாதவை சேர்ந்துவிட்டன என்று பொருள்.

அவசர அறுவையிலும் கட்டாயமா?

ஆம். இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது 19 அம்சங்களையும் நிதானமாகப் படிக்க இயலாது. அப்போது நோயாளி யார், என்ன அறுவை, ஒவ்வாமை, இரத்தம் தயாரா என்ற அளவுக்காவது, கைகள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் உரக்கக் கேட்க வேண்டும். சைன் அவுட்டுக்கு மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. துணி உள்ளே தங்கும் ஆபத்து அவசர அறுவையில்தான் கூடுதல்.

பட்டியலை நாங்கள் மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம், உலக சுகாதார நிறுவனமே அதை ஊக்குவிக்கிறது. கண் அறுவை அரங்கில் பொருத்தப்போகும் லென்ஸின் அளவையும், எலும்பு அறுவை அரங்கில் பொருத்துகருவியின் பக்கத்தையும் சேர்ப்பது இயல்பு. பணியாளர்கள் பேசும் மொழியில் அச்சிடுவதும் அவசியம். ஆனால் குழுவில் ஆளுக்கு ஒன்று சேர்க்கச் சொல்வார்கள். நீக்கச் சொல்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். 19 அம்சங்கள் 40 ஆகும்போது யாரும் படிக்கமாட்டார்கள். ஒன்றைச் சேர்த்தால் எதை எடுப்பது என்றும் கேளுங்கள். பேசுவதற்கான அம்சங்களை நீக்கிவிட்டு வெறும் “உண்டு/இல்லை” கட்டங்களை மட்டும் வைத்துக்கொள்வது நான் கண்ட பொதுவான தவறு.

எல்லா அரங்குகளிலும் ஒரே நாளில் தொடங்கலாமா?

வேண்டாம். விருப்பமுள்ள ஓர் அறுவை மருத்துவர், ஒரு மயக்க மருத்துவர், ஒரு செவிலியர் மூவரும் இருக்கும் ஒரே அரங்கில், ஒரே நாளில், ஒரே நோயாளிக்குச் செய்து பாருங்கள். அன்று மாலையே உட்கார்ந்து எந்த வரி நாக்கில் சிக்கியது, எது இரண்டு முறை வந்தது என்று பேசித் திருத்துங்கள். அதற்கு முன் நோயாளி இல்லாமல் மேசையைச் சுற்றி நின்று ஒத்திகை பார்ப்பதும் உதவும். அந்த அரங்கில் தானாக ஓடத் தொடங்கிய பிறகு பக்கத்து அரங்குக்குப் போகலாம். முதல் அரங்கின் செவிலியர் போய்ச் சொல்லித்தருவது, அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைவிட நன்றாக எடுபடும்.

ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிரப்பிய தாள்களை எண்ணி அன்று. மாதத்தில் சில அறுவைகளுக்கு ஒருவர் ஓரமாக நின்று கவனிக்கட்டும்: படிக்கும்போது மற்றவர்கள் கைவேலையை நிறுத்தினார்களா, பாட்டு நிறுத்தப்பட்டதா, பதில் உரியவரிடமிருந்து வந்ததா, யாராவது எதையாவது திருத்தினார்களா. ஆயிரம் அறுவைகளில் ஒரு முறைகூடப் பட்டியல் எதையும் பிடிக்கவில்லை என்று பதிவு சொன்னால் நான் மகிழமாட்டேன். படிப்பவர் சொல்வதை யாரும் கேட்கவில்லை என்றே சந்தேகிப்பேன். பிடிபட்டவற்றை, பெயர்களை விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை எல்லோருக்கும் சொல்லுங்கள். சைன் அவுட்டில் பழுதென்று சொன்ன உறிஞ்சு குழாய் மறுநாளும் அதே பழுதோடு வந்தால், மூன்றாம் நாள் அதை யாரும் சொல்லமாட்டார்கள். எனவே அந்தப் பழுதுகளைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முதுகில் ஊசி போட்டு விழித்திருக்கும் நோயாளி இதையெல்லாம் கேட்டுப் பயப்படமாட்டாரா?

முன்னதாகவே, “இப்போது நாங்கள் எல்லோரும் நின்று சில விஷயங்களைச் சரிபார்ப்போம், இது எல்லா நோயாளிகளுக்கும் செய்வது” என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பெரும்பாலோர் நிம்மதியாகவே கேட்கிறார்கள். இரத்த இழப்பு போன்றவற்றைக் குரலைத் தாழ்த்தி, அளவான சொற்களில் சொல்லலாம். டைம் அவுட்டில் செவிலியர் “இடது முழங்கால்” என்று படித்ததும், திரைத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோயாளியே “ஆமாம், இடதுதான்” என்று சொன்ன அரங்குகளும் உண்டு.